எங்கள் வீட்டில் மட்டும் சிமிட்டுகிறாள்

ஜூன் 8

அன்புள்ள சம்பந்திக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் ஓர் எழுத்து மாடி ஏறுகிறது, அடுத்தது படி இறங்குகிறது. நூல் கட்டி, ரசமட்டம் வைத்து எத்தனையோ வீடுகளுக்கு டைல்ஸ் பதித்தவன் நான். என்னால் ஒரு வரியை மட்டமாக எழுத முடியவில்லை என்று மகள் சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் கடிதம் எழுதுகிறேன், சம்பந்தி! என் கையால்! வாசகசாலை மாலை வகுப்பில் சேர்ந்தபோது, “இந்த வயசுல இது எதுக்குங்க?” என்று கேட்டாரே பால்காரர், அவர் சைக்கிள் போர்டில் இருந்த அவர் பெயரை நேற்று அவருக்கே படித்துக் காட்டினேன். மனுஷன் அசந்துபோனார். ‘ஞ’ மட்டும் இன்னும் எனக்கு அடங்கவில்லை. மற்றதெல்லாம் அடங்கிவிட்டது.

நீங்களும் உங்கள் சின்ன மகளும் சௌக்கியமா? காது இப்போது எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நீங்கள் “என்னது, என்னது” என்கிறீர்கள், நான் கத்துகிறேன், பக்கத்து வீட்டுக்காரர் சண்டையோ என்று எட்டிப் பார்க்கிறார். இனி நமக்குக் கடிதம்தான் சரி. என் முழங்கால் வழக்கம்போல முனகிக்கொண்டிருக்கிறது.

இனி விஷயம். நம் பேத்தி விடுமுறைக்கு உங்களிடம் வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து கண்ணை இறுக்கி இறுக்கிச் சிமிட்டுகிறாள். பேசிக்கொண்டே இருக்கும்போது நடுவில் தொண்டையில் ‘க்ஹும்’ என்று ஒரு சத்தம். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். “கண்ல ஒண்ணுமில்ல” என்று சொட்டு மருந்து மட்டும் கொடுத்தார். உங்கள் வீட்டில் தூசி அதிகமோ? பழைய தாள்களை அடுக்கி வைத்திருப்பீர்களே, அதனால் கேட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

ஓரத்தில் உள்ள உருண்டை என் கைவரிசை இல்லை. பொத்தான் வரைந்த சூரியன். கைக்குழந்தையாக என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்தபடி தூங்குவாளே, அந்தப் பெயர் இப்போது பள்ளிக்கூடம் வரை போய்விட்டது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி (பொத்தான் பாஷையில் டைல்ஸ் தாத்தா)

*

ஜூன் 17

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து வாசிக்கும்படியாகவே உள்ளது. முயற்சி பாராட்டத்தக்கது. நான் தட்டச்சு இயந்திரத்தில் எழுதுவதைப் பொறுத்தருள்க. நான் அலுவலகத்தை விட்டாலும் இயந்திரம் என்னை விடவில்லை. தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. பிறர்தான் வாய்க்குள் பேசுகிறார்கள்.

எங்கள் வீட்டில் தூசி கிடையாது. சின்ன மகள் தினமும் துடைக்கிறாள்.

தாங்கள் எழுதிய சிமிட்டலோ சத்தமோ விடுமுறை முழுவதும் இங்கே இல்லவே இல்லை. குழந்தை என் மேசைக்கு எதிரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, ஒரு குறையும் இல்லாமல் இருந்தாள். என் கண்ணால் பார்த்தேன். ஆகவே காரணம் அங்கேதான் இருக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், வருந்த வேண்டாம். கட்டரில் கல் அறுத்த தூசி தங்கள் தொண்டையில் தங்கிவிட்டது என்றும், அடிக்கடி தொண்டையைக் கனைப்பீர்கள் என்றும் என் மகன் சொல்லியிருக்கிறான். தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, பள்ளி நேரம் போக நாள் முழுவதும் குழந்தை தங்களோடு இருக்கிறாள். குழந்தைகள் பார்ப்பதைத்தானே செய்வார்கள்?

சூரியன் அழகாக இருந்தது. என் கடிதங்களில் அவள் வரைய ஓரம் விடுவதில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

தங்கள் நலம் நாடும்,
சம்பந்தி

*

ஜூலை 2

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். ஒத்தடம் கொடுத்தேன், கால் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு உடனே, சேச்சே, எவ்வளவு நீளமான வார்த்தைகளைப் படித்துவிட்டேன் என்று சந்தோஷமும் வந்தது. ‘பாராட்டத்தக்கது’ என்பதை இரண்டு மூச்சில் படித்தேன்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் நான் கனைப்பதே இல்லை. தொண்டை அரித்தால் தெருவுக்குப் போய், குப்பைத் தொட்டிப் பக்கமாக நின்று கனைத்துவிட்டு வருகிறேன். பொத்தான் பின்னாலேயே வந்து, “தாத்தா, நீ ஏன் தொட்டிகிட்ட பேசுற?” என்கிறாள். என் சத்தம் நின்றுவிட்டது. அவள் சத்தம் நிற்கவில்லை.

பள்ளிக்கூடத்து டீச்சர் மகளைக் கூப்பிட்டு, “உங்க பொண்ணுக்குத் திக்குவாய் மாதிரி இருக்கு. பாதியில நின்னு நின்னு பேசுறா. மத்த பசங்க சிரிக்கிறாங்க” என்று சொல்லியிருக்கிறார். தொண்டை டாக்டர் இருமல் மருந்து கொடுத்தார். நானும் என் பங்குக்கு ஒரு வைத்தியம் செய்தேன். சாயங்காலம் வரை சிமிட்டாமல் இருந்தால் பிஸ்கட் என்றேன். அவள் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கியவுடன் ஒரேயடியாகச் சிமிட்டினாள் பாருங்கள், எனக்கே பயமாகிவிட்டது. தோளும் கூடச் சேர்ந்து குலுங்கியது.

உங்கள் வீட்டில் சத்தமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கதவு மணி அடித்தாலே உங்களுக்குக் கேட்காது. ஐந்து வயதுக் குழந்தையின் தொண்டைச் சத்தம் உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

இப்படிக்கு,
டைல்ஸ் தாத்தா

*

ஆகஸ்ட் 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம்.

என் மகன் விவரமாக எழுதியிருந்தான். இந்தப் பருவம் முடிந்ததும் குழந்தையை இங்கே அனுப்புவதாக முடிவு. பள்ளி எங்கள் தெரு முனையிலேயே உள்ளது. என் சின்ன மகள் கொண்டுபோய் விட்டு அழைத்து வருவாள். இங்கே இருந்தவரை அவளுக்கு ஒன்றும் இல்லை என்பதால் இதுவே சரியென்று படுகிறது.

தங்கள்,
சம்பந்தி

*

ஆகஸ்ட் 11

அன்புள்ள சம்பந்திக்கு,

நீங்கள் நலம்தானே? இந்தத் தடவை என் முழங்காலை விசாரிக்கவில்லை. உங்கள் கடிதத்தைத் திருப்பிக்கூடப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது அடித்திருக்கிறீர்களா என்று.

மாப்பிள்ளை என்னிடம் சாப்பிடும்போதுதான் சொன்னார். பஸ் டெப்போ வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. “மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்கமேல ஒரு குறையும் இல்ல. அங்க அவ நல்லா இருக்கா, அவ்வளவுதான்” என்றார். என் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, “அப்பா, கொஞ்ச நாளைக்குத்தான்” என்றாள். நான் “சரிம்மா” என்றேன். பொத்தான் மட்டும், “டக்டக் தாத்தா வீட்டுக்கா? டைல்ஸ் தாத்தாவும் வராரா?” என்று கேட்டாள். பிறகு அவளே, “பையில இடம் இருக்கு” என்றாள்.

சம்பந்தி, உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு வயிறு எரிகிறது. உங்களுக்கு எழுத்து வரும், ஆங்கிலம் வரும், வீட்டில் நாற்காலி இருக்கிறது. இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் உங்கள் வீட்டில் அவளுக்கு ஒன்றுமில்லை, என் பக்கத்தில் வந்தால்தான் கண்ணும் தோளும் துடிக்கின்றன என்றால், அதை நான் எங்கே வைத்துக்கொள்வேன்?

என் மகள் வேலை செய்யும் பேக்கரிக்கு வரும் நர்ஸ் ஒருத்தி, பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் பேச்சைப் பரிசோதிக்கும் பிரிவு இருக்கிறது என்று சொன்னாளாம். செப்டம்பரில்தான் நாள் கிடைத்திருக்கிறது. அதுவரை பொறுங்கள். காரணம் நான்தான் என்று அவர்கள் சொன்னால், நானே கொண்டுவந்து விடுகிறேன்.

மேலே கோடு போட்டு அடித்துவிட்ட இரண்டு வரியைப் படிக்க முயல வேண்டாம். உங்கள் காதைப் பற்றி ஏதோ எழுதப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

இப்படிக்கு,
டைல்ஸ் தாத்தா

*

ஆகஸ்ட் 26

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் எப்படி உள்ளது?

பரிசோதனை வரை பொறுப்பதில் எனக்குத் தடையில்லை. மகனுக்கும் எழுதிவிட்டேன். ஆயினும் இங்கே குழந்தை இருந்த அழகைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கக்கூட “குடிக்கட்டுமா தாத்தா?” என்று கேட்டுத்தான் எழுந்து போவாள். சாப்பிட்ட தட்டை நேராக வைப்பாள். ஒருநாள்கூட அடம் பிடிக்கவில்லை. அங்கே கதவின் மேல் ஏறித் தொங்குகிறாள் என்று தங்கள் மகள் சொல்கிறாள். நம்பவே முடியவில்லை.

நான் தட்டச்சு செய்வதை ஓரமாக நின்று பார்ப்பாள். தொட்டதில்லை. அத்தனை ஒழுக்கம்.

சாயங்காலம் ஆனால் மட்டும் ஜன்னல் அருகே போய் நின்று தெருவைப் பார்ப்பாள். யாரைப் பார்க்கிறாய் என்று நான் கேட்டதில்லை.

தங்கள்,
சம்பந்தி

*

செப்டம்பர் 15

அன்புள்ள சம்பந்திக்கு,

எல்லோரும் நலமா? நான் நலம். நலம் என்றால் சாதாரண நலம் இல்லை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து மெதுவாகப் படியுங்கள், நான் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாப்பிள்ளையும் லீவு போட்டுவிட்டு வந்தார். பேச்சைப் பரிசோதிக்கும் டாக்டரம்மா சுருட்டை முடிக்காரர், சின்ன வயது. முதல் வேலையாகப் பொத்தானைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். பேச்சைப் பார்ப்பதற்கு முன் காதைத்தான் பார்ப்பார்களாம். காது நன்றாக இருக்கிறது. வெளியே எங்களோடு ஒரு பெரியவர் காத்திருந்தார். உங்கள் வயது இருக்கும். காதுக்குள் சின்னதாக ஒன்றை மாட்டிவிட்டார்கள். மாட்டியதும் அவர், “ஃபேன் இவ்வளவு சத்தமா போடுது?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சும்மா சொன்னேன்.

அப்புறம் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். ஒரு கதையைச் சொல்லிவிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னார்கள். நம் பொத்தான் கதையில் இல்லாத ஒரு நாயையும் சேர்த்துச் சொன்னாள். ஆனால் கேளுங்கள், ஒரு சிமிட்டல் இல்லை, ஒரு ‘க்ஹும்’ இல்லை! கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தது திறந்தபடி இருந்தாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மட்டமாகவே போட்டிருக்கவில்லை, மூலையில் ஒரு கல் தூக்கிக்கொண்டிருந்தது. இங்கேயும் நன்றாக இருக்கிறாள், அப்படியென்றால் என்னிடம்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா, “வீட்ல பகல்ல யாரு பாத்துக்கறாங்க?” என்று கேட்டார். மகள் என்னைக் காட்டினாள். “ஐயா, நீங்க மட்டும் பாப்பாவோட பக்கத்து ரூம்ல விளையாடுங்க. வீட்ல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க” என்றார். அந்த அறையில் சுவர் கண்ணாடியாக இருந்தது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவள் மரக்கட்டைகளைக் கொட்டி, “நீ வீடு கட்டு, நான் டைல்ஸ் போடறேன்” என்றாள். இரண்டு கட்டை வைத்திருப்பாள். கண் சிமிட்டினாள். தோள் குலுங்கியது. “இது சமை... க்ஹும்... சமையல் ரூம்.” நிறுத்து என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

திரும்ப உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“இது திக்குவாய் இல்ல. திக்குற குழந்தைக்கு வார்த்தை வெளிய வராம முதல் எழுத்துல மாட்டிக்கும், இல்லன்னா அதே எழுத்து திரும்பத் திரும்ப வரும். இவளுக்கு வார்த்தை தயாரா இருக்கு. அந்தச் சத்தம் நடுவுல வந்து வழிமறிக்குது. போனதும் விட்ட இடத்துலேருந்து பேசறா. வயசுக்கு மேலயே பேசறா. இதுக்கு ‘டிக்’னு பேரு. தும்மல் மாதிரின்னு வெச்சுக்கோங்க. கொஞ்ச நேரம் அடக்கலாம், ஆனா வந்தே தீரும்.”

மாப்பிள்ளை, “யாரையாவது பாத்துக் கத்துக்கிட்டதா?” என்று கேட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“இல்லைங்க. யாரோட தப்பும் இல்ல. வளர்ற மூளையோட வேலை. நிறையக் குழந்தைங்களுக்கு வரும், பெரும்பாலும் தானாவே குறைஞ்சுடும். சிலருக்குப் போயிட்டுத் திரும்ப வரும். குழந்தைங்க நரம்பு டாக்டரையும் ஒருவாட்டி பாத்துடுங்க. சொட்டு மருந்து, சிரப் எதுவும் வேண்டாம். சுட்டிக் காட்டாதீங்க, திட்டாதீங்க, அடக்கினா பரிசுன்னும் சொல்லாதீங்க.” பிஸ்கட் விஷயத்தை மகள் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

“ஆனா எங்கப்பா வீட்ல இவளுக்கு இது வரவே இல்லையே?” என்றார் மாப்பிள்ளை.

டாக்டரம்மா சிரித்தார். “என்கிட்டயும் வரலையே! எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி இல்ல. இவ, புது இடம், மரியாதையா இருக்கணும்னு தோணுற இடம்னா அடக்கிக்கறா. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு அடக்கறா. யார்கிட்ட பயமில்லையோ அவங்ககிட்ட விட்டுடறா.”

சம்பந்தி, கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். நான் பஸ்ஸில் வரும்போது அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். நரம்பு டாக்டரும் பார்த்துவிட்டார், அதே பேச்சுதான். இப்போது நான் வீட்டுக்குள்ளேயே கனைக்கிறேன். நடுக்கூடத்தில் நின்று கனைக்கிறேன்.

அவள் எங்கள் வீட்டில் மட்டும் சிமிட்டுகிறாள்!

இப்படிக்கு,
உங்கள் பேத்திக்கு யாரிடம் பயமில்லையோ அந்த
டைல்ஸ் தாத்தா

*

அக்டோபர் 21

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாமதத்தைப் பொறுத்தருள்க. சில முறை தாளைச் செருகினேன். எடுத்துவிட்டேன். இந்தத் தாளிலும் எழுத்துப் பிழைகள் உள்ளன. திருத்தவில்லை.

தங்கள் கடிதத்தைச் சின்ன மகளிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு சொன்னாள். விடுமுறையில் குழந்தை அடிக்கடி குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாளாம். உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்குமாம், விடாமல். ஏதோ விளையாடுகிறாள் என்று இவள் விட்டுவிட்டாள். “ஏம்மா என்கிட்ட சொல்லல?” என்றேன். “அப்பா, நீங்க கதவுக்கு வெளியதான் நின்னுட்டு இருந்தீங்க. உங்களுக்கும் கேக்குதுன்னு நெனச்சேன்” என்றாள்.

உண்மைதான். நின்றிருக்கிறேன். சீக்கிரம் வா என்று கதவைத் தட்டவும் தட்டியிருக்கிறேன்.

நான் அவளைத் திட்டியதில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. இருந்தும் அந்தக் குழந்தை என் எதிரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

காதுக் கருவி வாங்கியாயிற்று. இயந்திரம் இவ்வளவு இரைச்சல் போடும் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை காலம் வீட்டார் எப்படிப் பொறுத்தார்களோ.

குழந்தை தங்களிடமே இருக்கட்டும். பள்ளி மாற்றம் வேண்டாம் என்று மகனுக்கு எழுதிவிட்டேன். டிசம்பர் விடுமுறைக்கு மட்டும் அனுப்பி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைத் தங்களிடம்தான் கேட்க முடியும். நான் என்ன செய்தால் அவள் என் முன்னாலும் சிமிட்டுவாள்?

தங்கள்,
சம்பந்தி

*

நவம்பர் 9

அன்புள்ள சம்பந்திக்கு,

கருவி காதில் பழகிவிட்டதா? வலித்தால் கழற்றிக் கழற்றி மாட்டுங்கள் என்று டாக்டரம்மா அந்தப் பெரியவரிடம் சொன்னார்.

குளியலறை விஷயத்தை இரண்டு தடவை படித்தேன். முன்பு நான் காதைப் பற்றி எழுதியது என் வாய்க்கொழுப்பு. இல்லை, கைக்கொழுப்பு. எழுதக் கற்றுக்கொண்டதும் முதலில் வருவது அதுதான் போலிருக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதாமல் நாளைக் கடத்தினேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். உங்களிடம் எல்லாம் இருக்கிறது, என்னிடம் இருப்பது இந்த ஒரு சிமிட்டல். அதையும் பங்கு கேட்கிறாரே மனுஷன் என்று இருந்தது. பொத்தானிடம், “டக்டக் தாத்தா வீட்ல நீ ஏன் சிமிட்டறதில்ல?” என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கக் கூடாது. சுட்டிக் காட்டக் கூடாது. ஆகவே வாசற்படியில் உட்கார்ந்து, “டக்டக் தாத்தா எப்படி?” என்று மட்டும் கேட்டேன். யோசித்துச் சொன்னாள்: “நல்ல தாத்தா. ஆனா அவரு நாற்காலி உயரமா இருக்கு. கால் எட்டாது.”

அதனால் எழுதுகிறேன். ஒன்றும் செய்யாதீர்கள். அதுதான் வைத்தியம். அவள் சிமிட்டினால் கண்ணைப் பார்க்காதீர்கள், சொல்வதைக் கேளுங்கள். சத்தம் வந்தால் காத்திருங்கள், மீதி வார்த்தை தானாக வரும். அந்த நாற்காலியை உள்ளே தூக்கிப் போடுங்கள். இயந்திரத்தைத் தரையில் இறக்குங்கள், நீங்களும் இறங்குங்கள். அதைத் தொடலாம் என்று சொல்லுங்கள். எதையாவது உடைத்தால் உடைக்கட்டும்.

டிசம்பரில் மாப்பிள்ளை ரயிலில் அழைத்து வருகிறார். பொத்தான் இப்போதே பையில் எனக்கு இடம் பார்த்தாள். என் செருப்பை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
டைல்ஸ் தாத்தா

*

டிசம்பர் 28

அன்புள்ள சம்பந்திக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் இயந்திரத்தில் அடித்தே பழகியவனுக்குப் பேனா பிடிக்க வரவில்லை. தங்கள் எழுத்து என்னுடையதைவிட எவ்வளவோ மேல். இயந்திரம் இப்போது வேலை செய்யும் நிலையில் இல்லை. ரிப்பன் கூடத்தில் கிடக்கிறது, சில எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டிருக்கின்றன. கை, முகம், சுவர் எல்லாம் மை.

நலம்தானே? எனக்குத் தரையில் உட்கார்ந்து இடுப்பு வலி. தங்கள் முழங்காலின் அருமை இப்போது தெரிகிறது.

வந்த முதல் சில நாள் பழையபடியே இருந்தாள். “குடிக்கட்டுமா தாத்தா?” நானும் தாங்கள் எழுதியபடி ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது இவ்வளவு கடினமான வேலை என்று எனக்குத் தெரியாது. நேற்றுக் காலை இயந்திரத்தில் ஒரு விசையைத் தட்டினாள். என்னைப் பார்த்தாள். இன்னொன்றைத் தட்டினாள். அப்புறம் இரண்டு கையாலும் ஒரே அடி. கம்பிகள் எல்லாம் மேலே வந்து சிக்கிக்கொண்டன. முகம் வெளிறி, “உடைச்சுட்டேன்” என்றாள். “ஆமா, உடைச்சுட்ட. இன்னும் உள்ள என்ன இருக்குன்னு பாப்பமா?” என்றேன். அதை நானா சொன்னேன்!

மூடியைக் கழற்றினோம். ரிப்பனை இழுத்துக்கொண்டே ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். “தாத்தா, இதுக்கு வயித்துல... க்ஹும்... வயித்துல கயிறு இருக்கு.”

கேட்டது, சம்பந்தி. என் காதில் கேட்டது. பிறகு கண், பிறகு தோள். நான் கண்ணைப் பார்க்கவில்லை. “ஆமா, நீளமான கயிறு” என்று மட்டும் சொன்னேன். சின்ன மகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை.

ஓரத்தில் இடம் விட்டிருக்கிறேன். அவளே வரைந்ததுதான். சூரியன் இல்லையாம், டக்டக் தாத்தாவாம்.

அன்புடன்,
டக்டக் தாத்தா

*

ஜனவரி 14

அன்புள்ள சம்பந்திக்கு,

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்பார்கள். என் கால் கேட்கவில்லை, உங்கள் இடுப்பாவது கேட்கிறதா பாருங்கள். சின்ன மகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் கையெழுத்தை மாலை வகுப்பில் காட்டினேன். வாத்தியார், “இவரையும் கூட்டிட்டு வாங்க” என்றார்.

கடிதத்தைப் படித்து நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். இப்போது உண்மையை எழுதுகிறேன். ‘அன்று மாலை அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை’ என்ற வரியைப் படித்துவிட்டு எழுந்து தெருவுக்குப் போய், அந்தக் குப்பைத் தொட்டிப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். தொண்டையில் ஒன்றும் இல்லை. சும்மா நின்றேன்.

பொத்தான் ஊர் திரும்பிவிட்டாள். கதவில் தொங்குகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள். ஆனால் சிமிட்டவில்லை. முதல் நாள் கவனிக்கவில்லை. மறுநாள் பார்த்தேன், இல்லை. கட்டைகளைக் கொட்டி உட்கார்ந்தேன். “சமையல் ரூம்” என்று முழுசாகச் சொல்கிறாள்! உங்களிடம் விட்டுவிட்டு என்னிடம் அடக்குகிறாளா? என்னிடம் பயம் வந்துவிட்டதா? மகளை நச்சரித்து டாக்டரம்மாவுக்குப் போன் போட வைத்தேன். நானே வாங்கிக் கேட்டேன். “டாக்டரம்மா, இவ என் முன்னாடி இப்ப சிமிட்ட மாட்டேங்கறா, என்ன பண்றது?” அந்தப் பெண் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். “ஐயா, அது குறையுது. அதுக்குத்தானே எல்லாரும் காத்துட்டு இருந்தோம்? திரும்ப வந்தாலும் பயப்படாதீங்க. வரலைன்னாலும் பயப்படாதீங்க!” என்றார்.

பள்ளிக்கூடத்திலும் யாரும் இப்போது சிரிப்பதில்லை என்று டீச்சர் சொன்னாராம். மகள் அழுதுகொண்டே சொன்னாள். நானும் அழுதேன். எல்லோரும் அது ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். முக்கால்வாசி அதுதான்.

மீதிக் கால்வாசி உங்களுக்கு மட்டும். அது ஒருவேளை அவளை விட்டுப் போய்விட்டது என்றால், கடைசி ‘க்ஹும்’ உங்கள் வீட்டுக் கூடத்தில், உங்கள் மை பூசிய தரையில் விழுந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டவன் நான். கடைசி ஒன்றை நீங்கள் வாங்கிவிட்டீர்கள். போகட்டும். உங்களுக்கு அது முதல் ஒன்று அல்லவா.

இயந்திரத்தைச் சரி செய்ய வேண்டாம் என்று பொத்தான் சொல்லச் சொன்னாள். கயிறு இன்னும் பாக்கி இருக்கிறதாம்.

அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் அவள் இங்கே ஒரு முறையாவது சிமிட்டினால் அதை முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் போடுவேன். சிமிட்டாவிட்டால் என் முழங்காலைப் பற்றி எழுதுவேன். நீங்களும் முழங்காலைப் பற்றி மட்டும் விசாரியுங்கள்.

இப்படிக்கு,
டைல்ஸ் தாத்தா